வீடு தேடி வரும் பொதியும் அதன் கூலியும்

‘கடைக்குப் போய்வருகிறேன்’ என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு புறப்படுவது நம்மவரின் நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கம் இன்று சிறிது சிறிதாகத் தேய்ந்து வருகின்றது. சட்டை, சப்பாத்து, சமையற் பாத்திரம், பிள்ளைகளின் பயிற்சி நூல், பாட்டியாரின் முழங்காலுக்குப் பூசும் தைலம் ஆகிய யாவும் கைத்தொலைபேசியின் சிறிய திரையிலே தெரிவு செய்யப்பட்டு, எங்கோ ஒரு பண்டகசாலையிலிருந்து புறப்பட்டு, நம் படலையடிக்கு வந்து சேருகின்றன. வந்து சேர்ந்தால் நன்று. வராதொழிந்தால் யாரைக் கேட்பது? வந்த பொருள் உடைந்திருந்தால் அப்பொறுப்பு விற்றவருடையதா, சுமந்தவருடையதா? அறுநூற்றைம்பது ரூபாப் பொருளுக்கு நானூறு ரூபா அனுப்புகூலி கேட்பது எவ்வகையில் நியாயம்? வீடுகள் தோறும் இன்று இக்கேள்விகள் எழுகின்றன.

இவற்றைப் புதிய காலத்தின் புதிய தொல்லைகள் என இளைஞர் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. பொருளைக் கண்ணாற் காணாது விலைப்பட்டியலை மாத்திரம் பார்த்து, கடிதம் எழுதி வருவித்தல் இணையம் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே வேரூன்றிய வணிகமுறையாகும். வேல்ஸ் நாட்டின் நியூடவுன் என்னும் சிற்றூரிலே பிறைஸ் பிறைஸ்-ஜோன்ஸ் என்பார் 1861 ஆம் ஆண்டளவில் தம் ஊர்க் கம்பளித் துணியைத் தபால் மூலம் விற்கத் தொடங்கினார். அமெரிக்காவிலே ஆரன் மொன்ற்கொமறி உவாட் என்பார் 1872 இல் ஒரேயொரு தாளில் அச்சிட்ட விலைப்பட்டியலுடன் அத்தொழிலில் இறங்கினார். இவர்களை வாழவைத்தவை புகையிரதமும் தபாலுமே. பிரித்தானியாவில் பொதித் தபால் 1883 இல் ஆரம்பமாயிற்று. அமெரிக்காவிலோ 1913 ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி வரையும் நான்கு இறாத்தலுக்கு மேற்பட்ட உள்நாட்டுப் பொதியைத் தபாலில் அனுப்ப இயலாதிருந்தது. காரணம் வேறொன்றுமன்று, பொதி சுமக்கும் தனியார் கம்பனிகள் அரசு அத்தொழிலில் இறங்குவதைப் பலகாலம் எதிர்த்து நின்றன. தபாற்காரருக்கும் தனியார் விநியோகத்தாருக்கும் இடையிலான போட்டியும் இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பதை வாசகர்கள் இங்கே குறித்துக்கொள்க.

நம் பக்கத்திலே ‘வி. பி. பி.’ என்னும் மூன்றெழுத்துக்களை அறியாத முதியோர் இலர். பொருளைத் தபாற்காரர் கொண்டுவருவார். விலையை அவர் கையிற் கொடுத்துவிட்டுப் பொருளைப் பெற்றுக்கொள்ளலாம். அப்பணம் விற்றவருக்குத் தபால் மூலமே போய்ச்சேரும். இந்தியத் தபாற் பகுதியார் 1877 இல் இம்முறையைத் தொடங்கினர். பழைய தமிழ்ச் சஞ்சிகைகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால், கைக்கடிகாரம் முதல் காயகற்பம் வரை வி. பி. பி. யில் அனுப்பப்படும் என்ற விளம்பரங்களைக் காணலாம். சென்னையில் அச்சான நூல்களும் இதழ்களும் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறி, அங்கிருந்து புகையிரதத்தில் வந்த காலம் ஒன்றிருந்தது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அவ்வழி முடிந்தது. அக்காலத்தில் வி. பி. பி. யில் வந்த பெட்டிக்குள் கைக்கடிகாரத்திற்குப் பதிலாகச் செங்கல் இருந்தது என்னும் கதை ஒவ்வோர் ஊரிலும் ஒன்று உண்டு. இன்று அதே கதை தொலைபேசிப் பெட்டிக்குள் சவர்க்காரக் கட்டி இருந்ததாகச் சொல்லப்படுகிறது. கதை பழையது, பொருள்தான் மாறியிருக்கிறது.

‘இலவசம்’ என்னும் சொல்

இணையக் கடைகளின் திரையிலே அடிக்கடி மின்னும் சொல் ‘இலவச விநியோகம்’ என்பது. பொதி தானாக நடந்து வருவதில்லை. அதனைச் சுமப்பவருக்குக் கூலி, வண்டிக்கு எரிபொருள், பிரித்தடுக்கும் நிலையத்திற்கு வாடகை ஆகியவற்றை யாரோ ஒருவர் கொடுத்தேயாக வேண்டும். பெரும்பாலும் அவை பொருளின் விலைக்குள்ளேயே அடக்கப்பட்டிருக்கும். 1995 இல் புத்தக வியாபாரத்துடன் இணையத்திற்கு வந்த அமேசன் கம்பனி, 2005 இல் ஆண்டொன்றிற்கு 79 டொலர் சந்தா வாங்கிக்கொண்டு, அமெரிக்காவுக்குள்ளே இரு நாட்களிற் பொருளைச் சேர்ப்பிக்கும் திட்டத்தை வகுத்தது. அனுப்புகூலியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குதலும் ஒரு வழி என்பதை அது காட்டிற்று. சந்தா கட்டியவர் அதனை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நினைப்பிலேயே மேலும் மேலும் வாங்குவார் என்பது வணிகர் அறிந்த மனித இயல்பு. ஆகவே ஒரு கடையின் விலையை மற்றொரு கடையின் விலையோடு ஒப்பிடும்போது, பொருளும் அனுப்புகூலியும் சேர்ந்த தொகையையே ஒப்பிடல் வேண்டும். யாழ்ப்பாணப் பட்டினத்துக் கடையிலே சற்றுக் கூடுதலாகத் தோன்றும் விலை, அவ்வாறு பார்க்கையில் பல வேளைகளிற் குறைவாகவே இருக்கும்.

கூலி ஏன் இத்துணை உயர்ந்திருக்கிறது? கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நானூறு கிலோமீற்றர். அத்தூரமே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். இங்கேதான் ஒரு பழைய உண்மையை நினைவுகூர வேண்டும். 1840 இல் பிரித்தானியாவில் ஒரு பென்னித் தபாலை ஏற்படுத்தச் செய்த றோலண்ட் ஹில் என்பார், இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தைச் சுமந்து செல்வதற்கு ஆகும் செலவு ஒரு பென்னியின் முப்பத்தாறில் ஒரு பங்கே எனக் கணக்கிட்டுக் காட்டினார். வண்டி நிறையக் கடிதங்கள் ஒன்றாகச் செல்லும்போது தூரத்தின் செலவு பகிர்ந்து மறைந்துவிடுகிறது. செலவெல்லாம் இரு முனைகளிலே, அதாவது ஏற்றுக்கொள்ளும் இடத்திலும் கையளிக்கும் இடத்திலும் கிடக்கின்றது. பொதிக்கும் இது பெரிதும் பொருந்தும். கொழும்பிலே மாடிக் கட்டடமொன்றிற்கு நாற்பது பொதிகளைக் கொண்டுசெல்லும் இளைஞர் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கி ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடலாம். அதே நாற்பது பொதிகளைத் தென்மராட்சியின் ஒழுங்கைகளிலே கொடுத்து முடிக்க ஒரு பகலும், ஒரு மோட்டார்ச் சைக்கிளின் எண்ணெய்த் தாங்கியும் போதா. நெடுந்தீவோ எனில், குறிகட்டுவானில் வண்டியை நிறுத்திவிட்டுப் படகேற வேண்டும்.

தபாற் திணைக்களத்தின் சிறப்பு இவ்விடத்திலேதான் தோன்றுகிறது. கொழும்பு ஏழாம் வட்டாரத்துக் கடிதத்திற்கும் நெடுந்தீவுக் கடிதத்திற்கும் முத்திரை ஒன்றே. தனியார் நிறுவனங்கள் எட்டாக் கிராமத்திற்கு மேலதிகக் கூலி கேட்பதும், பட்டினத்துக் கிளைக்கு வந்து எடுத்துச் செல்லுமாறு சொல்வதும் உண்டு. அவற்றைக் குறைகூறுவதிற் பயனில்லை. இலாபம் தேடுவோர் இலாபமுள்ள இடத்திற்கே செல்வர். தபாற்காரரோ இலாப நட்டம் பாராது யாவர் வீட்டிற்கும் செல்லக் கடமைப்பட்டவர். நாடெங்கும் 650 வரையிலான தபால் நிலையங்களும், ஏறத்தாழ 3,400 உப தபால் நிலையங்களும் உள்ளன. இத்தகைய வலையமைப்பை இன்று புதிதாக உருவாக்க எந்தக் கம்பனியாலும் இயலாது. ஆயினும் இவ்வமைப்பு கடிதங்களின் வருவாயைக் கொண்டு வளர்ந்தது. கடிதம் எழுதுவோர் அருகிவிட்டனர். தபாற்காரரின் பையிலே நூறு கடிதங்களோடு இரண்டு பொதிகள் இருந்தபோது, அவ்விரண்டின் செலவு மிக அற்பம். கடிதங்கள் பத்தாகக் குறைந்தபின், அதே பயணச் செலவை அப்பத்தும் இரண்டும் தாங்க வேண்டியிருக்கின்றது. 2022 ஓகஸ்ட் 15 முதல் உள்நாட்டுக் கடிதத்தின் ஆகக்குறைந்த முத்திரைக் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டின் எரிபொருட் பஞ்சமும் நாணயத்தின் வீழ்ச்சியும் உடனடிக் காரணங்கள். கடிதங்களின் குறைவு நெடுநாளைய காரணம்.

நம்பகம்

கூலியைப் பற்றிய முறைப்பாட்டிலும் நம்பகத்தைப் பற்றிய முறைப்பாடே பெரிது. சில மாதங்களுக்கு முன் அகராதியொன்றைக் கொழும்பிலிருந்து வருவித்தேன். விநியோகம் ஒரு தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டார் ஐவரும் முற்றத்திலே இருக்கையில், ‘தங்கள் இல்லத்திற்கு வந்தோம்; ஒருவரும் இலர்’ என்று தொலைபேசியில் ஒரு செய்தி வந்தது. எங்கள் நாயும் அன்று யாரையும் கண்டு குரைக்கவில்லை. மறுநாள் ஓர் இளைஞர் அழைத்தார். “சேர், கோயிலடியில நிக்கிறன். இதுக்கங்கால எப்பிடி வாறது?” எங்கள் ஊரிலே கோயில்கள் ஐந்து. எந்தக் கோயிலடி என்று விசாரித்து, வைரவர் கோயிலுக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் இடையில் அவரை வழிநடத்திக் கொண்டுவருவதற்குள் கால்மணி நேரம் கழிந்தது. அவ்விளைஞரை நான் நோகவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட முகவரியில் வீட்டு இலக்கம் இல்லை. ஒழுங்கைக்குப் பெயர்ப்பலகை இல்லை. ஒரு பொதிக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர் அவர். தேடியலையும் நேரத்திற்கு யாரும் அவருக்குப் பணம் தருவதில்லை.

தபாற்காரருக்கு இத்தொல்லை இல்லை. அவர் முகவரியைப் படிப்பதில்லை, ஆளைப் படிக்கிறார். இன்னாரின் மகள் இன்ன ஊரிலே மணம் முடித்திருக்கிறாள், இன்னார் மூத்த சகோதரியோடு இருக்கிறார் என்பதெல்லாம் அவர் மனத்திலே பதிந்திருக்கும். 1990 இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின், வீடே இல்லாத முகவரிக்கு எழுதப்பட்ட கடிதங்களும் அவ்வறிவினாலேதான் உரியவரைத் தேடியடைந்தன. அந்நாட்களில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வருவதற்கு வாரங்களும் மாதங்களும் சென்றன. ஆயினும் வந்தது. யாழ்தேவி 1990 இல் நின்று 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளும் தபால் வேறு வழிகளில் வந்துகொண்டேயிருந்தது. 2020 இல் கொள்ளைநோய்க் காலத்து ஊரடங்கின்போது, வைத்தியசாலைகளிலிருந்து நோயாளரின் மருந்துகளை வீடுவீடாகக் கொண்டுசென்றவரும் இத்தபாற்காரரே.

இவ்வாறு புகழ்வதனால் திணைக்களத்தின் குறைகளை மறைத்தலாகாது. தனியார் இளைஞர் மாலை ஏழு மணிக்கும் வருவார். தபால் நிலையம் மாலையில் கதவடைத்துவிடும். தனியாரின் பொதி எங்கே நிற்கிறது என்பதைத் தொலைபேசியிலே காணலாம். சாதாரணத் தபாலில் அனுப்பிய பொதி, கிடைக்கும்வரை தெய்வத்தின் பொறுப்பு. 2025 ஓகஸ்ட் 17 முதல் ஒரு வாரம் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது நாடெங்கும் தபாற்பைகள் தேங்கின. ஊழியரின் கோரிக்கைகள் நியாயமோ அன்றோ, அவ்வொரு வாரத்திலே எத்தனையோ சிறு வியாபாரிகள் தனியாரிடம் சென்றனர். சென்றவர் எல்லாரும் திரும்பி வருவர் என எதிர்பார்த்தல் இயலாது.

பெறுமதியுள்ள பொருளாயின் பதிவுத் தபாலே தகும். பதிவுத் தபாலுக்கு இடப்படும் இலக்கத்தைப் பலர் அர்த்தமற்ற எண்வரிசை என்று நினைக்கின்றனர். அதில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள். முதலெழுத்து ‘ஆர்’ ஆயின் பதிவுத் தபால், ‘சீ’ ஆயின் பொதி, ‘ஈ’ ஆயின் விரைவுத் தபால். பின்னர் ஒன்பது இலக்கங்கள். ஈற்றில் அனுப்பிய நாட்டின் ஈரெழுத்து, இலங்கைக்கு ‘எல். கே.’ ஒன்பதாம் இலக்கம் முன்னைய எட்டையும் பரிசோதிக்கும் காவலாளி. அவ்வெட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 என்பவற்றாற் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 11 இலிருந்து கழிக்க அது வரும். உதாரணமாக 12345678 என்பதற்குக் கூட்டுத்தொகை 204; வகுக்க மீதி 6; ஆகவே ஒன்பதாம் இலக்கம் 5. விடை பத்தாயின் பூச்சியமும் பதினொன்றாயின் ஐந்தும் இடுவர். வகுப்பிலே இதனைச் செய்து காட்டியபோது, கணிதத்தை வெறுக்கும் மாணவர் இருவர் தத்தம் வீட்டுப் பழைய கடித உறைகளையெல்லாம் மறுநாள் அள்ளி வந்துவிட்டனர்.

இதற்கு ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. ‘உங்கள் பொதி தபால் நிலையத்தில் தங்கியுள்ளது, சிறு கட்டணம் செலுத்த இங்கே அழுத்துக’ என்று தபாற் திணைக்களத்தின் பெயரால் வரும் போலிச் செய்திகளைப் பற்றித் திணைக்களமே மக்களை எச்சரித்திருக்கிறது. அத்தகைய செய்தியில் இலக்கம் இராது; இருந்தாலும் மேற்சொன்ன கணக்கிற்கு அமையாதிருத்தல் கூடும். கணக்குச் சரியானாலும் வங்கி அட்டையின் விபரத்தை அங்கே கொடுத்தல் கூடாது. அயலிலுள்ள தபாற் கந்தோருக்கு நடந்து சென்று கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

பொருள் உடைந்தோ மாறியோ வந்தால் யார் பொறுப்பு என்பதையும் சொல்லிவிடுவோம். வாங்கியவர் பணம் கொடுத்தது விற்றவருக்கு. ஆகவே முதலில் அவரையே கேட்டல் வேண்டும். சுமந்தவரோடு வழக்காடுதல் விற்றவரின் வேலை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மின்வழி ஒப்பந்தங்களுக்கும் சட்ட வலுவை அளித்துள்ளது. ஆகையால் வாங்கிய வேளையில் திரையிலே காட்டப்பட்ட விலை, படம், வாக்குறுதி ஆகியவற்றைப் படமெடுத்து வைத்திருத்தல் நன்று. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுவோரிடம் கேட்கப்படுவது இத்தகைய சான்றுகளே.

வாங்காது திருப்புவோர்

இதுகாறும் வாங்குவோர் பக்கத்தையே பேசினோம். விற்போர் பக்கத்தையும் பார்த்தல் வேண்டும். வடமராட்சியிலே, என் பழைய மாணவன் ஒருவனின் தாயார், கணவரை இழந்தபின் பனையோலைத் தொழிலைக் கொண்டு மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். கடகம், குட்டான், சுளகு, சிறு பெட்டிகள், புட்டு அவிக்கும் நீற்றுப்பெட்டி ஆகியவற்றை இழைத்துத் தொலைபேசி மூலம் விற்பது அவர் தொழில். அவரின் கணக்குக் கொப்பியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவருடைய பெரும் பகை ஓலையின் விலையுமன்று, இடைத்தரகருமன்று. பொதி படலைக்கு வந்தபின் ‘வேண்டாம்’ என்று சொல்லும் கொழும்பு வாடிக்கையாளரே.

பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறை வாங்குவோருக்குப் பெருவரம். விற்பவருக்கு அது எவ்வாறு முடிகிறது என்பதை ஒரு கணக்கினால் விளக்கலாம். ஒரு பொதியில் 250 ரூபா இலாபம் என்றும், அனுப்புகூலி 400 ரூபா என்றும் கொள்வோம். பத்துப் பொதிகள் அனுப்பினார். எட்டை வாங்கினர், இரண்டைத் திருப்பிவிட்டனர். எட்டில் இலாபம் 2,000 ரூபா. திரும்பிய இரண்டிற்கும் போகுங் கூலி 800 ரூபா. மீள்கூலியும் அவ்வளவே கேட்கப்பட்டால் மொத்தம் 1,600 ரூபா. எஞ்சுவது 400 ரூபா. மூன்று பொதிகள் திரும்பினால் பத்துப் பொதிகளின் உழைப்பும் நட்டத்தில் முடியும். திருப்பியவர் செய்த குற்றம் ஒன்றுமில்லை என்றே அவர் நினைப்பார். மனம் மாறிற்று, அவ்வளவுதான்.

இங்கேயும் றோலண்ட் ஹில் நினைவுக்கு வருகிறார். 1840 இற்கு முன் பிரித்தானியாவில் கடிதத்திற்குக் கூலி கொடுத்தவர் பெரும்பாலும் பெறுபவரே. வாசற்படியில் நின்று பணம் வாங்குவதற்கு நேரம் சென்றது; பலர் கடிதத்தை வாங்காது திருப்பினர்; திருப்பிய கடிதத்தின் செலவு மற்றவர் தலையில் விழுந்தது. முன்கூட்டியே கூலி கட்டும் முத்திரையைக் கண்டது இத்தொல்லையை ஒழிப்பதற்காகவே. நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே தொல்லையை நாம் வாசலுக்கு மீண்டும் அழைத்திருக்கிறோம். இதற்கு வாங்குவோரை மாத்திரம் பழிப்பதும் சரியன்று. முன்பணம் கட்டிப் பொருள் வராது ஏமாந்தவர் பலர். நம்பிக்கை இல்லாத இடத்திலே நம்பிக்கையின்மைக்கும் ஒரு கூலி உண்டு. அதனை இன்று வடமராட்சித் தாயார் கட்டுகிறார். அவர் இப்போது அனுப்புகூலியை மாத்திரம் முன்பணமாகக் கேட்கிறார். கட்டளைகள் சிறிது குறைந்தன. திரும்பும் பொதிகள் பெரிதும் குறைந்தன.

கடல் கடந்த பொதி

அவரின் நல்ல வாடிக்கையாளர் வெளிநாட்டிலே இருப்போர். நீற்றுப்பெட்டியில் அவித்த புட்டின் மணத்தைத் தொறொன்ரோவிலும் இலண்டனிலும் இருப்போர் மறந்திலர். ஆனால் சீன தேசத்திலிருந்து ஒரு சிறு பொருளை அற்ப கூலிக்கு வருவிக்க முடிகிறதே, நம் பொருளை அனுப்ப ஏன் இத்துணைச் செலவு என்று அவர் என்னிடம் கேட்டார். கேள்வி சிறிது, விடை நீளமானது. 1874 இல் பேர்ண் நகரிலே உருவான சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் தொடக்க விதிப்படி, முத்திரைப் பணத்தை அனுப்பும் நாடே வைத்துக்கொள்ளும். பெறும் நாடு இலவசமாகக் கையளிக்கும். கடிதத்திற்குப் பதிற்கடிதம் வரும், ஆகவே கணக்குச் சமப்படும் என்பது அன்றைய எண்ணம். பொதியும் இதழும் பெருகவே அச்சமநிலை குலைந்தது. 1969 இல் தோக்கியோ மாநாட்டில், பெறும் நாட்டிற்கு அனுப்பும் நாடு ஒரு தொகை கொடுக்க வேண்டும் என விதிக்கப்பட்டது. வளர்முக நாடுகளுக்கு அத்தொகை குறைவு. இணைய வணிகம் தோன்றியபின் இச்சலுகையாற் பெரும் பயன் பெற்றவர் சீன வணிகர். அமெரிக்கா இதனைப் பொறாது 2018 ஒக்டோபரில் ஒன்றியத்தை விட்டு விலகப்போவதாக அறிவித்தது. 2019 செப்தெம்பரில் செனீவாவிலே கூடிய விசேட மாநாடு ஓர் உடன்பாடு கண்டு அவ்விலகலைத் தவிர்த்தது. அதன்படி பெருந்தொகையான தபாலைப் பெறும் நாடுகள் 2020 யூலை முதல் தம் கட்டணத்தைத் தாமே அறிவிக்கலாயின.

நமக்கோ வேறொரு சுமையும் உண்டு. இக்கணக்குகள் சர்வதேச நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்பனவு உரிமை என்னும் அலகிலே தீர்க்கப்படுவன. 2022 மார்ச் தொடக்கத்தில் இருநூறு ரூபா அளவில் நின்ற டொலர், சில வாரங்களில் முந்நூற்றைம்பதைத் தாண்டியபோது, வெளிநாட்டுத் தபாற் கட்டணமும் உயர்ந்தே தீரவேண்டியதாயிற்று. 2025 ஓகஸ்ட் 29 முதல், 800 டொலர் வரையிலான பொருள்களுக்கு அமெரிக்கா அளித்துவந்த சுங்கவிலக்கும் நீக்கப்பட்டது. தீர்வையை யார் அறவிடுவது என்பது தெளிவாகாமையால் 80 இற்கு மேற்பட்ட தபாற் சேவைகள் அந்நாட்டுக்கான பொதிகளை முழுமையாகவோ ஓரளவோ நிறுத்திவைத்தன. அம்மாதத்தில் நியூ யேர்சியிலிருந்து வந்த இரண்டு கட்டளைகளை அத்தாயார் ஏற்கவில்லை.

விமானவழித் தனியார் நிறுவனங்களையும் அவர் விசாரித்துப் பார்த்தார். அங்கே இன்னுமொரு கணக்கு உண்டு. பொதியின் நீள அகல உயரங்களைச் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 5,000 ஆல் வகுப்பர்; வருவது கிலோகிராம். உண்மை நிறை அதனிற் குறைவாயினும் கூலி இதற்கே. விமானத்திலே இடமே பொருள் என்பதால் அது தவறன்று. ஆனால் பனையோலைப் பொருளோ காற்றை அடைத்து வைத்த பொருள். தபாலிலே சிறுபொதிக்கு நிறையே கணக்கு. இரண்டு கிலோவுக்கு மேற்படலாகாது, நீள அகல உயரங்களின் கூட்டுத்தொகை 90 சென்ரிமீற்றரைத் தாண்டலாகாது, எப்பக்கமும் 60 ஐ மிஞ்சலாகாது என்பன எல்லைகள்.

நீற்றுப்பெட்டி கூம்பு வடிவினது; ஒன்றனுள் ஒன்றாகச் செருகி அடுக்கலாம். இதைக் கண்டுகொண்டதும் அத்தாயார் ஒரே அளவான பெட்டிகளை இழைப்பதை விட்டு, வாய் சிறிது சிறிதாகக் குறையும் வரிசையாக இழைக்கத் தொடங்கினார். கடதாசி மட்டைப் பெட்டியை 40, 25, 25 சென்ரிமீற்றராகத் தாமே வெட்டி ஒட்டினார். கூட்டுத்தொகை சரியாக 90. அதனுள் பன்னிரண்டு நீற்றுப்பெட்டிகள் அடங்கின. விமானக் கணக்கிலே அது ஐந்து கிலோ. உப தபால் நிலையத்துத் தராசிலே 1 கிலோ 940 கிராம் காட்டியது. தபால் அதிபர் அம்மா சுங்கப் படிவத்தை நிரப்ப உதவி செய்து, சுற்றியிருந்த தடித்த கயிற்றை மாத்திரம் அவிழ்த்து மெல்லிய நாடா ஒட்டச் சொன்னார்; மழையில் நனைந்தால் கயிறு நீர் குடித்து நிறை கூடிவிடுமாம். தொறொன்ரோவுக்குச் சென்ற அப்பொதி இருபத்துமூன்றாம் நாள் சேர்ந்தது. அடுத்த மூன்று பொதிகளுக்கான ஓலை இப்போது அவர் முற்றத்திலே காய்ந்துகொண்டிருக்கிறது.